வெறும் வலை கழுவத் தெரிந்தவன்



கிறிஸ்துமஸ் பூசை முடிந்து எல்லாரும் குடில் பார்க்க முண்டியடித்துக்கொண்டிருந்த நேரம். ஒரு தாய் மட்டும் சக்ரீஸ்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மகன், தாயைவிட ஒரு முழம் உயரம். பிளஸ் டூ முடித்தவன், வருகிற பங்குனியில் பதினெட்டு நிறைகிறது. தகப்பன் வழியில் தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக் குடும்பம். ஒக்கிப் புயலுக்குப் பிறகு இங்கே கருங்கலில் வீடு வாங்கி வந்தவர்கள்.

"சாமி, இவனுக்க சித்தப்பன் ஜனவரி பத்தாம் தேதி போட்டு எறக்குதாரு. நாப்பது நாளு. இவனையும் கொண்டு போறேங்குதாரு. விடலாமா?"

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதல்ல, வாசலில் வைத்துக் கேட்டது. சொல்லலாம் என்று அந்தத் தாயே சொன்னதால்தான் சொல்கிறேன். யாரென்று தேடித் திரும்பிப் பார்க்காதீர்கள்.

"ஞாயிற்றுக்கிழமை சொல்றேன்" என்று அன்றைக்கு நழுவிவிட்டேன். இன்றைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை. திருக்குடும்பத் திருவிழா. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் தொலைத்துவிட்டுத் தேடிய பெற்றோரைப் பற்றித்தான் நற்செய்தி வாசித்தோம். நான் நழுவினாலும் வாசகம் விடவில்லை.

கடலுக்குப் போவதும் ஒரு வேட்டைதான். வேட்டை என்றால் நமக்குக் காடுதான் நினைவுக்கு வரும். 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் காட்டு வேட்டை கதையாகிவிட்டது. ஆனால் மகனை முதல் வேட்டைக்கு எப்போது கூட்டிப்போவது என்று தகப்பன்மார் இன்றும் தலையைச் சொறிகிற இடம் இங்கிருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரத்தில்தான் இருக்கிறது. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை. சுறா வேட்டைக்குப் பேர்போன ஊர்கள். கட்டுமரத்தில் சுறாவை மல்லுக்கட்டி இழுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு விசைப்படகில் லட்சத்தீவு தாண்டிப் போகிறார்கள், குஜராத் வரைக்கும் போகிறார்கள். கரை மறைந்தால் செல்போன் எடுக்காது. தலைவலி வந்தாலும் வயிற்றுவலி வந்தாலும் கூட இருக்கிற பத்துப் பன்னிரண்டு பேர்தான் ஆஸ்பத்திரி. அந்தப் போட்டில் ஏறத்தான் இந்தப் பையனுக்கு அழைப்பு.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016 இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி பதினான்கு வயதுக்குள் எந்த வேலைக்கும் அமர்த்தக் கூடாது. பதினெட்டு வரை ஆபத்தான வேலைக்கு அமர்த்தக் கூடாது. மீன்பிடித் தொழிலுக்கென்றே 2007 இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. பொதுவாகப் பதினாறு, ஆபத்தான வேலை என்றால் பதினெட்டு என்று அது வயது குறித்திருக்கிறது. இந்தியா இன்னும் அதை ஏற்புச் செய்யவில்லை. செய்தாலும் செய்யாவிட்டாலும், ஆழ்கடலில் நாற்பது நாள் என்பது ஆபத்தில்லாத வேலை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆகவே பங்குனி வரை பேச்சே இல்லை.

ஆனால் அந்தத் தாய் கேட்டது வயதை அல்ல. வயது ஆதார் கார்டிலேயே இருக்கிறதே. இவன் பக்குவப்பட்டுவிட்டானா என்றுதான் கேட்டார்.

திருச்சபைக்கும் இந்தத் தலைவலி இருந்திருக்கிறது. ஒரு காலத்தில் பல நாடுகளில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை கொடுக்கப் பத்து வயது, பன்னிரண்டு வயது, பதினான்குகூட ஆகும் வரை காக்க வைத்தார்கள். எல்லாம் படித்து முடிக்கட்டும், எல்லாம் புரியட்டும் என்று. 1910 ஆகஸ்ட் 8 ஆம் நாள் திருத்தந்தை பத்தாம் பயஸ் அந்த வழக்கத்தை நிறுத்தினார். சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வேறுபாடு தெரிகிறதா? போதும், ஏறத்தாழ ஏழு வயதிலேயே கொடுங்கள் என்றார். பிள்ளைக்கு அந்தப் பக்குவம் வந்துவிட்டதா என்று தீர்மானிக்கிற பொறுப்பை யாரிடம் விட்டார் தெரியுமா? தகப்பனிடமும், பிள்ளையின் பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியாரிடமும். ரோமாபுரியிலிருந்து பார்த்தால் உங்கள் வீட்டுப் பிள்ளை தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் கடலுக்குப் போகிற பிள்ளைக்கு எந்த வேறுபாடு தெரிய வேண்டும்?

நான் என் கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் அப்பா கட்டுமரத்துக்காரர். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்ததும் நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். நீச்சல் தெரியும், துடுப்புப் பிடிக்கத் தெரியும், வேறென்ன வேண்டும் என்பது என் எண்ணம். அப்பா இரண்டு வாரம் என்னைக் கடலில் இறக்கவே இல்லை. கயிறு சுருட்ட வைத்தார். கண்ணைக் கட்டிவிட்டு முடிச்சுப் போட வைத்தார். பிறகு கரைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய், தூண்டில் நரம்பைச் சுட்டுவிரலில் தொங்கவிடச் சொன்னார். நுனியில் ஈயக்கட்டி. அது கீழே போய்த் தொட்டதும், "என்னலே தட்டுது?" என்பார். "கல்லு." "இல்ல, மணலு. திரும்பத் தூக்கிப் போடு." மணலில் ஈயம் மெத்தென்று உட்காரும். பாறைத்திட்டில், அதாவது பாரில், தட்டினால் விரலில் ஒரு சின்ன அதிர்ச்சி, அதன்பிறகு ஒரு சறுக்கல். சேற்றில் உட்கார்ந்தால் தூக்கும்போது கொஞ்சம் பிடித்து விடும். இதெல்லாம் அந்த ஒரு விரல் வழியாகத்தான் தெரிய வேண்டும். அப்பாவின் விரலில் நரம்பு அறுத்து அறுத்து ஒரு வாய்க்காலே விழுந்திருந்தது. என் விரல் ரத்தம் கசிந்ததோடு சரி.

அந்த மாதக் கடைசியில் ஒருநாள் கூட்டிப்போனார். பெரியப்பாவும் கூட. இருட்டுவதற்கு முன்பே பாருக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். கரையில் கோயில் கோபுரமும் பின்னால் வேளிமலை முகடும் நேருக்கு நேர் வந்து நிற்கிற இடம் என்று அடையாளம் வைத்திருந்தார்கள். நங்கூரக் கல் போட்டோம். சுற்றிலும் அஞ்சாறு கட்டுமரங்கள் வந்து நின்றன, எல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள்தான். இரண்டு தடவை வாந்தி எடுத்தேன், யாரும் சிரிக்கவில்லை. கலவாமீன் ஒன்று பெரியப்பாவுக்குப் பட்டது. எனக்கு ஒன்றுமில்லை. பத்து மணி இருக்கும், மேற்கே கருத்து வந்தது. அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பெரியப்பாவிடம் என்னவோ பறைந்தார். கல்லைத் தூக்கினார்கள்.

"அவங்க எல்லாம் நிக்காங்களே" என்றேன். அப்பா பதில் சொல்லவில்லை.

மழையும் வரவில்லை, காற்றும் வரவில்லை. கருப்பு அப்படியே விலகிப் போய்விட்டது. விடிகாலையில் மற்ற மரங்களெல்லாம் பாறைமீனும் விளமீனுமாகக் கரையேறின. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்பா அந்த ஆட்களிடம் போய் மீனைப் பார்த்து, "நல்ல பாடுதான்" என்று சிரித்துப் பேசிவிட்டு வந்தார். தூண்டிலைக் கழுவினார், நரம்பைச் சுருட்டினார், வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தார். அம்மா ஏன் சீக்கிரம் வந்தீர்கள் என்று கேட்கவே இல்லை. துவையலைக் கொஞ்சம் தாராளமாக வைத்தார்கள், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ஒரு வருசம் அப்பா என்னைக் கடலுக்குக் கூட்டிப்போகவில்லை. வாந்தி எடுத்ததால்தான், பேடிச்சவன் என்று நினைத்துவிட்டார் என்று மனசுக்குள் பொருமினேன். செமினரிக்குப் போகிற அன்றைக்குத்தான் பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். அப்பா சிரித்தார். "பேடி நல்லதுலே மக்கா. மீனு கெட்டேலன்னு நீ ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தேல்லா, அதான்."

வீட்டில் பனையேறிகள் இருந்தவர்களுக்கு இப்படிச் சோதித்துப் பார்ப்பது புதிதல்ல. நெடும்பனைக்கு முன்னால் வடலியில்தான் ஏறவிடுவார்கள். ஏறுகிற பையனைப் பார்க்க மாட்டார்களாம், இறங்குகிறபோதுதான் கீழே நின்று பார்ப்பார்களாம். தளைநாரும் முருக்குத்தடியும் பரணில் கிடக்கிற வீடுகள் இந்தப் பங்கில் இன்னும் இருக்கின்றன; உங்கள் தாத்தாக்களிடம் கேளுங்கள்.

வேதாகமத்தில் பேர்போன வேட்டைக்காரன் ஏசா. தகப்பன் ஈசாக்குக்கு அவன்மேல்தான் பிரியம். ஏன் என்று ஆதியாகமம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. அவன் கொண்டுவருகிற வேட்டைக்கறி கிழவருக்குப் பிடிக்கும். இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். மகன் தயாராகிவிட்டான் என்று நாம் சொல்கிறோமே, அதில் நம் நாக்கின் ருசி எத்தனை பங்கு? வீட்டுக் கடன் எத்தனை பங்கு? "எம்மவன் பதினஞ்சு வயசிலேயே போட்டு ஓட்டுனான்" என்று கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்கிற பெருமை எத்தனை பங்கு? அதே ஏசா ஒருநாள் வெளியிலிருந்து களைத்து வருகிறான். அன்றைக்கு வேட்டை வாய்த்ததா இல்லையா என்று எழுதியிருக்கவில்லை. பசி மட்டும் தெரிகிறது. ஒரு கிண்ணம் பயற்றங்கூழுக்குத் தலைச்சன் உரிமையைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். வில்லில் கெட்டிக்காரன்தான். ஒருவேளைப் பசியோடு வீட்டுக்குள் நுழைய அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதற்கு எதிர்ப்புறத்தில் சீமோன் பேதுருவை வைத்துப் பாருங்கள். லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் அவரைக் கண்டபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? இரவு முழுக்கப் பாடுபட்டு ஒரு மீன்கூடப் படாமல், கரையில் இறங்கி வலை கழுவிக்கொண்டிருந்தார். மீன் படாத வலையைக் கழுவுவது எவ்வளவு எரிச்சலான வேலை என்று கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும். பாசியும் குப்பையும்தான் இருக்கும், வாசம்கூட இருக்காது. கழுவாமல் சுருட்டிப் போட்டுவிட்டுப் போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அவர் கழுவினார். ஆழத்துக்குப் போ என்று ஆண்டவர் சொன்னது அந்த ஆளிடம்தான்.

நான் சொல்கிற இந்தத் திரும்பி வருகிற பேச்சை ஒக்கியில் போனவர்கள்மேல் யாரும் பொருத்திப் பார்க்க வேண்டாம். 2017 நவம்பர் 30 ஆம் தேதி காற்று அடித்தபோது அவர்களில் பலர் கிளம்பிப் பல நாட்கள் ஆகியிருந்தன. புயல் என்று கரையில் அறிவித்த நேரத்தில் ஆழ்கடலில் இருந்தவர்களிடம் அதைக் கொண்டுசேர்க்க வழி இல்லை. அவர்களுக்குத் திரும்பத் தெரியாமல் அல்ல, திரும்பு என்று சொல்ல ஆளில்லாமல் போனார்கள். டிசம்பர் 7 ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் நம் மக்கள் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தது அந்த வயிற்றெரிச்சலில்தான். நான் பார்த்த வீடுகளில் இரண்டு படத்துக்கு ஒரே மாலை போட்டிருந்த வீடும் உண்டு. அந்த ஊர்களின் தாய்மாரிடம் போய்ப் பக்குவத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்ய எனக்குத் தைரியம் கிடையாது.

கடலுக்கே போகாதவர்களையும் கடல் கொண்டுபோயிருக்கிறது. 2024 டிசம்பர் 26 ஆம் தேதியோடு சுனாமிக்கு 20 வருசம் நிறைந்தது. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே திருக்குடும்பத் திருவிழா. யோசேப்பு ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிற பகுதிதான் அன்றைய நற்செய்தி. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் அன்று காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் எத்தனை பேர். ஏ.வி.எம். கால்வாய்க்கு இந்தப் பக்கம் வர முடியாமல் போனவர்கள் எத்தனை பேர். பிள்ளையைக் கரையிலேயே வைத்துக்கொண்டால் பத்திரம் என்று நானும் அந்தத் தாயிடம் சொல்லிவிட முடியாமல் போனது அதனால்தான்.

முதல் வாசகத்துக்கு வருவோம். அன்னா எத்தனை வருசம் அழுது கேட்டுப் பெற்ற பிள்ளை சாமுவேல். ஆண்டவருக்குக் கொடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாயிற்று. கணவன் எல்கானா குடும்பத்தோடு சீலோவுக்குக் கிளம்பும்போது, இந்த வருசம் நான் வரவில்லை, பிள்ளை பால் மறக்கட்டும் என்கிறாள் அவள். நேர்ச்சையைத் தள்ளிப்போடுகிறாயே என்று எல்கானா சண்டை பிடிக்கவில்லை. உனக்கு எது நல்லதென்று படுகிறதோ அப்படியே செய் என்று விட்டுவிடுகிறான். பிள்ளை எப்போது தயார் என்று தாய்க்குத் தெரியும் என்று ஒரு ஆண்பிள்ளை ஒத்துக்கொள்கிற இடம் வேதாகமத்தில் அபூர்வம், ஆண்கள் குறித்துக்கொள்ளலாம். கொண்டுபோய் விட்டபிறகு அவள் மறந்துவிடவும் இல்லை. வருசா வருசம் ஒரு சின்ன அங்கி தைத்துக் கொண்டுபோவாளாம். கண்ணால் காணாத பிள்ளை இந்த வருசம் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று நினைத்து நினைத்து அளவெடுத்துத் தைத்த அங்கி.

நற்செய்தியிலும் பாருங்கள். பன்னிரண்டு வயதில் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து பேசி எல்லாரையும் வாயடைக்க வைத்த பிள்ளை அவர். அந்த வயதிலேயே ஊழியத்துக்கு இறங்கியிருந்தால் எந்தத் தேர்வுக்குழுவும் தடுத்திருக்காது. அவர் என்ன செய்தார்? தேடி வந்த அம்மாவோடும் யோசேப்போடும் நாசரேத்துக்கு நடந்தார். அங்கே பணிந்து இருந்தார். மறுபடி அவர் வெளியே வரும்போது ஏறத்தாழ முப்பது வயது என்று லூக்கா கணக்குச் சொல்கிறார். நடுவில் பதினெட்டு வருசம். அந்தப் பதினெட்டு வருசத்தைப் பற்றி நற்செய்தியில் ஒரு சம்பவம்கூட இல்லை. மரம் அறுத்திருப்பார், இழைத்திருப்பார், கூலி பாக்கிக்கு நடந்திருப்பார்.

நேற்றுச் சாயங்காலம் அந்தப் பையனைக் கூப்பிட்டேன். குடிலின் நட்சத்திரத்தில் பல்பு போய்விட்டது என்று ஏணியில் ஏறி மாற்றிக்கொண்டிருந்தான். இறங்கி வந்தபின் கேட்டேன். "பத்து நாளா ஒண்ணும் படல. சித்தப்பன் திரும்பலாம்னு சொல்றாரு. பக்கத்து போட்டுக்காரன் வயர்லெஸ்ல, இங்க கேரை கெடக்குன்னு சொல்றான். நீ என்ன சொல்லுவ?"

"நான் ஒண்ணும் சொல்லப்பிடாது சாமி. நான் புது ஆளுல்லா."

நல்ல பதில் என்று மனசுக்குள் மார்க் போட்டுவிட்டேன். அவன் கொஞ்ச நேரம் கையிலிருந்த பழைய பல்பை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆனா சாமி, திரும்பிட்டா டீசலுக்க கடன் யாரு அடைப்பா?" என்றான்.

என்னிடம் பதில் இல்லை. டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாம் கழித்துத்தான் பங்கு. மீன் இல்லாமல் திரும்பினால் பங்கும் இல்லை, செலவு மட்டும் அடுத்த பாட்டுக்கு ஏறும். எங்கள் அப்பாவின் கட்டுமரத்துக்கு டீசல் கிடையாது; அவர் திரும்பி வந்த இரவுக்கு விலை ஒருவேளைக் கறி. இவன் சித்தப்பன் திரும்பினால் விலை லட்சத்தில். இத்தனை நாளாக நான் யோசித்து வைத்திருந்த பிரசங்கத்தில் இந்தக் கணக்கு இல்லை. அவன் அதைத் தெரிந்து வைத்திருக்கிறான்.

ராத்திரி அவன் சித்தப்பனுக்குப் போன் போட்டேன். அதே கேள்வியைக் கேட்டேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஒருக்கா திரும்பி வந்திருக்கேன் சாமி. அந்தக் கடன் இப்பவும் கெடக்கு" என்றார். பையனை எந்தப் போட்டில் ஏற்றலாம் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

ஜனவரி வேண்டாம் என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம். பங்குனியில் பதினெட்டு நிறையட்டும். அதன்பின் மிடாலத்திலிருந்து காலையில் போய் மதியம் வருகிற வள்ளத்தில் பழகட்டும். ஜூன், ஜூலை நம் கரையில் விசைப்படகுக்கு எப்படியும் தடைக்காலம். ஆகஸ்டில் போட்டு இறக்கும்போது, அவனுக்கு அன்றைக்கும் மனசிருந்தால், சித்தப்பனோடு தங்குகடலுக்குப் போகட்டும். போகாமல் ஐடிஐயில் சேர்ந்தாலும் எனக்குச் சந்தோசம்தான். அதை அவனிடம் சொல்லவில்லை, இப்போது உளறிவிட்டேன்.

இன்று காலை முதல் பூசைக்கு முன்னால் அந்தத் தாயிடம் இதையெல்லாம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். போனவர் திரும்பி வந்து, "சாமி, அவங்க வெறும் போட்டா வந்தா நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

எங்கள் அம்மா செய்ததைச் சொன்னேன்.

எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.